தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வது பொய்யாகுமா?

பொய் யாது என்று வினவினால் நம்மில் எவரும் விடை கூறத் தயங்குவதில்லை. ஒன்றை அன்று என அறிந்திருந்தும் ஆம் என்று உரைப்பதே பொய் என்போம். ஐந்து சீலங்களுள் நான்காவதை ஏற்றுக்கொள்ளுங்கால் நம் நெஞ்சில் நிற்பதும் இப்பொருளே. வாங்கிய கடனை வாங்கவில்லை என்பவனும், கண்டதைக் காணவில்லை என்று சாட்சி சொல்பவனும் இவ்விலக்கணத்துள் எளிதில் அடங்கிவிடுகின்றனர். ஆயின் இதனுள் அடங்காத ஒருவன் உளன். அவன் எதையும் மறைக்கவில்லை. எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. தான் சொல்வது மெய்யென்றே நம்புகிறான். எனினும் அதனை அவன் அறிந்திலன். அறியாத ஒன்றை அறிந்தவன் போல உறுதியாக உரைக்கின்றான். அவன் சீலத்தில் வழுவினவனா, அன்றி அறிவிற் பிழைத்தவன் மட்டுந்தானா?

இதனை ஆராய நீதிமன்ற வழக்கொன்றையோ அரசியற் பூசலையோ எடுத்துக்கொண்டால், நேயர்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் சார்ந்து நிற்பர். பொருள் தெளிவதற்கு முன்னரே மனம் சூடேறிவிடும். ஆதலின் எவருக்கும் கட்சியில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். பிரித்துச் சேர்த்தபின் விடுபட மறுக்கும் மோட்டார் சைக்கிள் கிளட்சைக் காட்டிலும் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை. இதனைக் கேட்டு நகைப்போர் சிறிது பொறுத்துப் படிப்பாராக.

பெங்களூரில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய அடுகோடி, தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி. 1951இல் தொடங்கப்பெற்று, மக்கள் நாவில் மைகோ என்றே வழங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி இங்கு ஆலை அமைத்து இயங்கியது. 2008இல் அது பாஷ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெரிய ஆலை உள்ள இடத்தில் அதன் நிழலில் லேத்துப் பட்டறைகளும், வண்டி பழுது பார்க்கும் சிறு கடைகளும் முளைப்பது இயல்பு. சென்னைத் திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு வண்டிகளும், மைசூரில் 1961 முதல் உருவான ஜாவா வண்டிகளும், அவற்றின்பின் வந்த எஜ்டி வண்டிகளும் இக்கடைகளின் வாயிலில் இன்றும் நிற்கக் காணலாம். மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டபின்னும், வண்டிகளை மூட மனமில்லாதவர் அவற்றை ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றனர். வேண்டிய உறுப்புகளுக்கு ஜெ. சி. சாலைக்குச் சென்றுவரல் வேண்டும்.

இனி, கிளட்சு என்பது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்திற்குக் கொடுப்பதும், வேண்டும்போது கொடாது நிறுத்துவதுமாகிய கருவி. அதன் வெளிக்கூடு எஞ்சினோடு சேர்ந்து சுழலும். உள்ளிருக்கும் நடுக்குடம் கியர்ப்பெட்டியின் தண்டோடு சேர்ந்து சுழலும். இவ்விரண்டிற்கும் இடையே வட்டத் தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பட்டறையில் அவற்றைப் பிளேட்டு என்பர். உராய்வுப் பொருள் ஒட்டிய தகடுகள் கூட்டைப் பற்றியும், வெறும் எஃகுத் தகடுகள் குடத்தைப் பற்றியும் நிற்பன. ஸ்பிரிங்குகள் ஓர் அழுத்துதகட்டின் வாயிலாக இவ்வடுக்கை நெருக்கிப் பிடித்திருக்கும்வரை கூடும் குடமும் ஒன்றாய்ச் சுழலும். கைப்பிடியை இழுத்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல், துளையுள்ள கியர்த்தண்டின் ஊடே செல்லும் ஒரு நீண்ட கம்பியைத் தள்ளும். கம்பி அழுத்துதகட்டை அப்பால் தள்ளும். தகடுகள் தளர்ந்து பிரியும். பல வண்டிகளில் கம்பியின் வழியில் ஒரு சிறு எஃகுக் குண்டும் உண்டு. பட்டறையார் அதனைப் பால்ரஸ் என்பர். சுழலும் உறுப்பும் சுழலாத உறுப்பும் ஒன்றையொன்று தேய்க்காதிருப்பதற்கு அது துணை.

இவற்றுள் நாம் கருதவேண்டியது அளவு. அழுத்துதகடு விலகும் தொலைவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். உராய்வுத் தகடுகள் 5 என்று கொண்டால் உராயும் முகங்கள் 10. விலகிய 2 மில்லிமீட்டரை அவை பகிர்ந்துகொள்ளும்போது ஒரு முகத்திற்கு வாய்ப்பது 0.2 மில்லிமீட்டர், அதாவது எழுதும் தாள் இரண்டின் கனம். இவ்வளவு சிறிய இடைவெளியிலேதான் வண்டியின் விடுதலை இருக்கின்றது. ஆகலின் அதனைக் கெடுக்கப் பெரிய குற்றம் எதுவும் வேண்டுவதில்லை. கேபிள் சிறிது தொய்ந்திருந்தால் போதும். ஒரு தகடு சற்று வளைந்திருந்தால் போதும். ஸ்பிரிங்குகளுள் ஒன்றை மற்றவற்றினும் மிகுதியாக முடுக்கியிருந்தால் அழுத்துதகடு ஒருக்களித்து எழும்பும். ஒரு புறம் பிரிய, மறுபுறம் ஒட்டியே நிற்கும். புதுத் தகடுகளை எண்ணெயில் ஊறவைக்காமல் உலர்ந்தபடியே அடுக்கினாலும், அடுக்கின் முறை மாறினாலும், நடுநட்டின் கீழ் இருக்கவேண்டிய வாஷர் இடம் தவறினாலும், கூட்டின் காடிகளில் தகடுகள் பள்ளம் பறித்திருந்தாலும் விளைவு ஒன்றே. பிடியை இழுத்துக் கியரில் இட்டதும் வண்டி முன்னே பாயும். அல்லது எஞ்சின் நின்றுவிடும். கிளட்சு கட் ஆகவில்லை என்று மேஸ்திரி சொல்வார்.

அடுகோடியில் ஒரு சிறு பட்டறையில், வேறொரு வேலைக்காகக் காத்திருந்தபோது நாம் கண்டதைக் கூறுவோம். வண்டிக்குரியவர் காய்கறி வியாபாரி. விடியுமுன் சந்தைக்குச் சென்று மூட்டை ஏற்றிவருபவர். பழைய தகடுகள் தேய்ந்துபோனமையால் புதியவை வாங்கிக் கொடுத்திருந்தார். மேஸ்திரி அவற்றை மாட்டினார். தொழில் பழகும் இளைஞன் ஒருவன் கழற்றிய உறுப்புகளை மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவிக் கொடுத்தான்; கம்பியையும் குண்டையும் அவனே திரும்ப உள்ளிட்டான். மூடியைப் பூட்டி எஞ்சினை உதைத்துக் கியரில் இட்டதும் வண்டி பாய்ந்து நின்றது. பிடியோ தொளதொளவென்றிருந்தது. மேஸ்திரி கேபிளை முடுக்கிப் பார்த்தார். முடுக்கும் திருகு எல்லைவரை சென்றும் பயனில்லை. அவர் இளைஞன் பக்கம் திரும்பி, “குண்டைத் தட்டிலேயே விட்டு எண்ணெயோடு கொட்டிவிட்டாய்” என்றார்.

“இல்லையண்ணா, என் கையாலேதான் உள்ளே தள்ளினேன்” என்றான் அவன்.

“தள்ளியிருந்தால் பிடி ஏன் ஆடுகிறது?”

இதற்கு அவனிடம் விடை இல்லை. இரண்டு நாட் கூலி பிடிக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. வியாபாரியும், அடுத்த பட்டறையிலிருந்து ஸ்பேனர் கேட்டு வந்த ஒருவரும் இதனைக் கேட்டு நின்றனர். அவன் சாக்கடை ஓரத்தில் அமர்ந்து, எண்ணெய் கொட்டிய மணலைக் கையால் அலசித் தேடினான். ஒரு மணி நேரம் தேடியிருப்பான். நம்மை மிகவும் வருத்தியது ஒன்று: தேடத் தேட அவனுக்கே ஐயம் வந்துவிட்டது. தொடக்கத்தில் வைத்தேன் என்றவன், பின்னர் வைத்ததாக நினைவு என்றான். இறுதியில் வாய் திறக்கவேயில்லை.

மேஸ்திரி தீயவர் அல்லர். அவர் கூற்றிலே ஒரு காரண முறையும் இருந்தது. குண்டு இல்லாவிடில் கம்பி அக்குண்டின் அளவுக்குக் குறைந்துபோகும், குறைந்தால் பிடி ஆடும், பிடி ஆடுகிறது, ஆகவே குண்டு இல்லை. கேட்பதற்குச் செம்மையாகவே இருக்கின்றது. இதன் பிழையை அறிய நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையிலே, அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமத்தை உரைக்கப் புகுந்தவர், முதற்கண் அளவை இலக்கணத்தையே விரிக்கின்றார். காட்சி, கருத்து என்னும் இரண்டே அளவைகள் என்று வரையறுத்து, பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் வகுத்துக் காட்டுகின்றார். பிறவியறுக்கும் வழி கேட்டு வந்தவளுக்குத் தருக்கம் எதற்கு என்று புலவர் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. தவறாக நினைப்பவன் தவறாகவே நடப்பான் என்பதை அடிகள் அறிந்திருந்தார் என்றே நாம் கொள்கின்றோம்.

ஏதுப்போலிகள் அங்கு மூன்றாகச் சொல்லப்படுகின்றன: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். நமக்கு இங்கு வேண்டுவன முதலிரண்டு. மலையிலே புகையைக் கண்டு நெருப்புண்டு என்று துணிவது நல்ல ஏது. ஏனெனில் நெருப்பில்லா இடத்தில் புகை இல்லை. ஒன்று இருக்கும் இடத்திலும் அஃது இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் அடையாளமோ எதனையும் நிறுவாது; அஃது அநைகாந்திகம். பிடி ஆடுதல் அத்தகையது. குண்டு விழுந்தாலும் பிடி ஆடும். கேபிள் நீண்டாலும் ஆடும். கம்பியைச் சரிசெய்யும் திருகு பின்வாங்கியிருந்தாலும் ஆடும். பல காரணங்களுக்குப் பொதுவான ஓர் அடையாளத்தைக் கொண்டு அவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்து இழுப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஐயத்திற்கு இடமான ஒன்றை ஏதுவாகக் கொள்வது அசித்தம். தொலைவில் தோன்றுவது பனியோ புகையோ என்று தெளியாதபோதே புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவது போன்றது. இளைஞன் குண்டைத் தொலைத்தான் என்ற தீர்ப்பிற்கு அடிப்படை, குண்டு உள்ளே இல்லை என்பது. அதனையோ ஒருவரும் பார்க்கவில்லை. குண்டு இல்லாமை குற்றத்திற்குச் சான்றாயிற்று. பிடி ஆடுவது குண்டு இல்லாமைக்குச் சான்றாயிற்று. கழுவியவன் அவன் என்பது எல்லாவற்றையும் முடித்துவைத்தது. கழுவியவர் அனைவரும் தொலைப்பவரோ? கழுவிய நாளெல்லாம் தொலைந்த நாளோ? வேறொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஓரிடத்தில் ஒரு பொருள் காணாமற் போனால் முதலில் யாருடைய மடியை அவிழ்த்துப் பார்க்கின்றனர் என்பதை நம் மக்களுக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. கீழ்ப்படியில் நிற்பவனைக் குற்றவாளியாக்க மெல்லிய ஏதுவே போதுமானதாக இருக்கின்றது. மேற்படியில் நிற்பவனுக்கோ வலிய சான்றும் போதுவதில்லை.

நன்கு பிரித்தறியும் சோதனை எப்படியிருக்கும் என்பதற்கு மைசூர் ஜாவா வண்டியே ஒரு சான்று. அதில் உதைத்து எஞ்சினைக் கிளப்பும் மிதியே கியர் மாற்றும் மிதியுமாகும்; அதனை அழுத்தும்போது கைப்பிடியின் உதவியின்றியே கிளட்சு விடுபடும்படி அமைத்திருந்தனர். ஆகவே அவ்வண்டியில் கைப்பிடியால் கிளட்சு விடாமலும் மிதியால் விடுவதுமாக இருந்தால், குறை கேபிளின் பக்கமே, தகடுகள் குற்றமற்றவை. இரண்டாலும் விடாவிடில் உள்ளே நோக்கவேண்டும். ஒரு காரணம் இருந்தால் ஒருவகையாகவும் இல்லாவிடில் வேறுவகையாகவும் தோன்றும் அடையாளத்தைத் தேடுவதுதான் தேட்டம். இவ்வசதி இல்லாத வண்டிகளிலும் வழி உண்டு. எஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றி, பிடியை இழுத்துக்கொண்டு உதைமிதியை மெல்லச் சுழற்றினால் அழுத்துதகடு நேராகச் சுழல்கிறதா, ஆடிச் சுழல்கிறதா என்று கண்ணாலேயே காணலாம். ஆடினால் ஸ்பிரிங்குகள் ஒத்தில்லை. இச்சோதனைக்குக் காசு வேண்டுவதில்லை. எவரும் அழவும் வேண்டுவதில்லை.

அடுகோடிப் பட்டறையில் இம்முடிச்சை அவிழ்த்தவர் பக்கத்தில் லேத்து வைத்திருந்த ஒரு முதியவர். அவர் மேஸ்திரியிடம் கேட்டது ஒரே கேள்வி: “குண்டு இல்லையென்று பார்த்தாயா, நினைத்தாயா?” மேஸ்திரி விடை கூறாமல் நெம்புகோல் இருக்கும் பக்கத்து மூடியைக் கழற்றினார். காந்தத் துண்டொன்றை உள்ளே விட்டு இழுத்தபோது கம்பியும், அதன்பின் கிரீசு பூசிய குண்டும் வெளிவந்தன. பின்னர் முதியவர் விளக்கினார். பழைய தகடுகள் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து அடுக்கு மெலிய மெலிய, அழுத்துதகடு கம்பியை நோக்கி நெருங்கி வந்திருக்கின்றது. அதற்கு ஏற்ப, கம்பியின் முனையில் உள்ள திருகை அவ்வப்போது பின்னுக்குத் தளர்த்தி வந்திருக்கின்றனர். இப்பொழுது புதுத் தகடுகளின் முழுக்கனத்தால் அழுத்துதகடு பழையபடி அப்பால் சென்றுவிட்டது; திருகோ தேய்ந்த தகடுகளுக்கு வைத்த இடத்திலேயே நிற்கின்றது. இடையே வெற்றிடம், அதனை நிரப்புவதிலேயே பிடியின் இழுப்பு முழுவதும் கழிந்துவிடுகின்றது. மேஸ்திரி கேபிளை முதலில் தளர்த்தினார். பூட்டுநட்டை நெகிழ்த்தித் திருகை மெல்ல உட்செலுத்தி, கம்பியைத் தொட்டதும் சிறிது பின்வாங்கி நிறுத்தினார். இறுதியாகக் கேபிளைச் சிறிதே தளர்ச்சி இருக்குமாறு அமைத்தார். கிளட்சு விட்டது.

இங்கே குற்றமுள்ள உறுப்பு எது? தகடு நல்லது, கம்பி நல்லது, குண்டு நல்லது, திருகும் நல்லதே. ஒன்றுக்கொன்று சார்ந்து நிற்கும் பொருள்களுள் ஒன்று மாறியபோது, அதனைச் சார்ந்த மற்றொன்று மாறாமல் நின்றது, அவ்வளவுதான். காப்பியத்தின் 30ஆம் காதை பன்னிரு சார்புகளைக் கூறுவதைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. எனினும் படித்த நமக்கும் ஒரு கேடு நேர்ந்தவுடன் வாயில் முதலில் வருவது ‘எதனால்’ என்ற சொல் அன்று, ‘யாரால்’ என்பதே.

இனி முதல் வினாவிற்கு வருவோம். மேஸ்திரி பொய் சொன்னாரா? ‘குண்டு இல்லை’ என்று அவர் நம்பினார். ஆகவே பொய்யன்று, பிழை என்பார் சிலர். நாம் அதனை முழுதும் ஒப்பவில்லை. ‘நீ தொலைத்துவிட்டாய்’ என்று உறுதியாகச் சொல்பவன் இரண்டு செய்திகளைச் சொல்கின்றான். ஒன்று குண்டைப் பற்றியது. மற்றொன்று தன்னைப் பற்றியது, ‘இதனை நான் அறிவேன்’ என்பது. முதலாவதில் அவன் ஏமாந்திருக்கலாம். இரண்டாவதில் ஏமாற இடமே இல்லை. தான் பார்த்ததும் பாராததும் அவனுக்கே தெரியும். பாராததைப் பார்த்தாற்போல் உரைத்தபோது, தன் அறிவைப் பற்றி அவன் மெய்யல்லாததைச் சொன்னவனாகின்றான். குண்டு உண்மையாகவே தொலைந்திருந்தால் என் செய்வது என்று கேட்கலாம். அப்பொழுதும் இவ்விரண்டாம் செய்தி பொய்யாகவே இருக்கும். முதலாவது தற்செயலாக மெய்யாகியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் கள்வன் மேல் பட்டதனால், எறிந்தவன் நீதிமான் ஆகிவிடமாட்டான்.

இதற்கு ஒரு தடை எழும். உலகில் எதனையும் முற்ற அறிந்தபின்தான் பேசவேண்டுமென்றால் பட்டறையும் நடவாது, வைத்தியமும் நடவாது, வீடும் நடவாது. ஊகம் இன்றி ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியாது என்பர். மிகவும் உண்மை. ஊகத்தை நாம் விலக்கவில்லை. ஊகமே தேட்டத்தின் முதற்படி. ‘குண்டு விழுந்திருக்கலாம், பார்ப்போம்’ என்பதும் ஊகந்தான். அச்சொல்லைக் கேட்டிருந்தால் இளைஞனே முதல் ஆளாய் எழுந்து மூடியைக் கழற்றியிருப்பான். ‘நீ தொலைத்துவிட்டாய்’ என்றதும் மூடி மூடியபடியே இருந்தது. தேட்டம் சாக்கடைக்குப் போயிற்று. உறுதியான குற்றச்சாட்டு வந்த இடத்தில் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. பழி கிடைத்தவனுக்குக் காரணம் வேண்டுவதில்லை.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. தகட்டின் மேல் ஐயங்கொள்வதால் தகட்டிற்கு ஒன்றும் நேர்வதில்லை. கழற்றி அளந்து குறையில்லையெனில் திரும்ப மாட்டிவிடலாம். மனிதனை அவ்வாறு கழற்றி மாட்ட இயலாது. இத்தனை நாள் தன் கையை நம்பிய ஒருவன் அதனை நம்பாதவனாகிவிட்டான் என்பதைக் கண்டோம். ஆகலின் ஐயங்கொள்ளும் வரிசையில் மனிதன் கடைசியில் நிற்கவேண்டியவன். கேபிளைப் பார்த்து, திருகைப் பார்த்து, உள்ளே திறந்து பார்த்து, எல்லாவற்றிற்கும் பின்னர் வேண்டுமாயின் அவனைக் கேட்கலாம். அதுவும் கேட்பதாகவே இருக்கவேண்டும்.

பிழை தெரிந்தபின் செய்யவேண்டியது யாது என்பதிலும் மக்கள் எளிதாக இருந்துவிடுகின்றனர். கூலி பிடிக்கவில்லை, அதனால் நட்டமில்லை என்று எண்ணுகின்றனர். மேஸ்திரியும் அன்று முதலில், “சரி, விடு, வேலையைப் பார்” என்று மட்டுமே சொன்னார். குற்றம் சாட்டியபோது கேட்ட செவிகள் மூன்று பேருடையவை. இளைஞன் ஒருவனுக்கே உண்மை தெரிந்தது. அவனுக்கு அது முன்னரே தெரிந்திருக்கவேண்டியது. மற்ற இருவரும் அவன் கவனமற்றவன் என்ற செய்தியோடு போய்விட்டனர். அச்செய்தி அவர்களிடம் இருக்கும்வரை சொன்ன சொல் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கும். சொன்னவர் மனம் மாறியதனால் அது நின்றுவிடாது.

மாலையில் வியாபாரி வண்டி எடுக்க வந்தபோது, “பையன் தொலைத்தது கிடைத்துவிட்டதா?” என்று கேட்டார். மேஸ்திரி சாவியைத் துடைத்துக் கொடுத்தவாறே, “தொலையவேயில்லை ஐயா. உள்ளேதான் இருந்தது. பாராமல் சொன்னவன் நான்” என்றார். அதன்பின், கடன் வாங்கிய ஸ்பேனர் இன்னும் திரும்பவில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போனார். அங்கும் அதையே சொன்னது நாம் நின்ற இடத்திற்குக் கேட்டது.